டார்ச் பிடித்தவள்

எங்கள் வீட்டில் வண்டி பழுதானால் ஆளுக்கொரு வேலை உண்டு. அப்பா பானெட்டுக்குள் குனிவார். அண்ணன் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். அம்மா டீ போடுவாள். நான் டார்ச் பிடிப்பேன்.

டார்ச் பிடிப்பது லேசான வேலை இல்லை. அப்பாவின் கை எங்கே போகப்போகிறதோ அங்கே வெளிச்சம் முன்கூட்டியே போயிருக்க வேண்டும். கொசு கடித்தாலும் ஆட்டக் கூடாது. "எங்கடி பராக்குப் பார்க்கிற? இங்க காட்டு" என்று திட்டு விழும். நான் பராக்குப் பார்த்ததே இல்லை. அண்ணன் ஸ்பேனரில் போட்டிருக்கும் எண்ணைப் பார்ப்பான். நானோ அந்த ஸ்பேனர் எந்த நட்டில் உட்கார்ந்தது, எந்தப் பக்கம் திரும்பியது, எது முதலில் கழன்றது, எது கடைசியில் மாட்டப்பட்டது எல்லாவற்றையும் பார்த்தேன். அண்ணனுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனாலும் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த வண்டி ஒரு வெள்ளை மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி. 1983இல் இந்தியச் சாலைக்கு வந்து 2014இல் உற்பத்தி நின்றுபோன கார். இந்த நாட்டில் எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார். எங்களுக்கும் அப்படித்தான். 2007இல், ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் அப்பா வாங்கினார். ஓட்டுநர் இருக்கை அப்பாவுடையது. முன்னால் இடது பக்கம் அம்மா. பின்னால் நாங்கள்.

2020இல் அப்பா இறந்தார். அடுத்த வருடம் அம்மாவின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். எங்கள் ஊர் லால்குடிக்கு அந்தப் பக்கம், மருத்துவமனை திருச்சியில். காலை ஏழு மணிக்கு அம்மா அங்கே படுக்கையில் இருக்க வேண்டும். நான்கு மணி நேரம் ஓடும். முடிந்து எழுந்தால் அம்மாவால் நிற்கக்கூட முடியாது. அந்த நிலையில் பஸ்ஸில் கூட்டிவர முடியாது. வாடகைக் காருக்குப் போக, வர, காத்திருக்க என்று 1,800 ரூபாய் கேட்டார்கள். மாதம் எட்டு முறை என்றால் 14,400. அந்த இரண்டு நாட்களும் மதியத்துக்கு மேல்தான் பள்ளிக்குப் போவேன் என்பதால், பிடித்தம் போக எனக்குக் கைக்கு வந்த சம்பளம் 12,000.

அண்ணன் பெங்களூரிலிருந்து போனில் சொன்னான்: "அந்தத் தகர டப்பாவை எடைக்குப் போட்டுடு. நடுவழியில நின்னா என்ன பண்ணுவ? உனக்கு என்ன தெரியும் அதைப் பத்தி?"

பயம் நியாயமானதுதான். ஒரு முறை டயாலிசிஸ் தவறினால் உடம்பில் தண்ணீர் தேங்கும், மூச்சு முட்டும். பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். ஆனால் 'உனக்கு என்ன தெரியும்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே போனை வைத்துவிட்டேன். பதில் எனக்கும் தெரியாது.

முதல் சோதனை சில வாரங்களிலேயே வந்தது. விடியற்காலை ஐந்தேகால். சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும். உள்விளக்கு மங்கி அணைந்தது. பால்காரரும் எதிர்வீட்டுப் பையனும் தள்ளிவிட, இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அன்று மாலை கடையில் காட்டினேன். பானெட்டைத் திறந்து பார்த்த ஒரே பார்வையில் "பேட்டரி போச்சு மேடம்" என்றார்கள். சரி என்று புதிது வாங்கினேன். மூன்றே வாரத்தில் அதே 'டிக் டிக்'.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு வோல்ட்மீட்டர் காட்டுகிறவள் நான். என் வண்டியை ஒரு தடவை அளந்து பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை? ஏனென்றால் அது ஆண்கள் பார்க்கும் பொருள், நான் பணம் கொடுக்கும் ஆள் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன்.

கணக்கு எளிதுதான். எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்ற வேண்டும். அப்போது பொதுவாக 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்டும். என் வண்டியில் நின்றபோது 11.9. ஓடியபோதும் 12ஐத் தாண்டவில்லை. அதாவது புதுப் பேட்டரி, போகிற வழியெல்லாம் தன் கையிருப்பைச் செலவழித்துக்கொண்டிருந்தது. யாரும் திருப்பி நிரப்பவில்லை. பேட்டரி எந்தத் தப்பும் செய்யவில்லை. முதல் பேட்டரியும்கூடச் செய்திருக்காது. சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டிய சிவப்பு பேட்டரி விளக்கு ஒன்று உண்டு. என் வண்டியில் அது எரிவதே இல்லை என்பதையும் அன்றுதான் கவனித்தேன். எச்சரிக்கை சொல்ல வேண்டியதும் ஊமையாகிக் கிடந்திருக்கிறது.

"ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்தலை, கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கான்னு பாருங்க" என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கழற்றினார். பிரஷ் தேய்ந்து கட்டையாகிக் கிடந்தது. மாற்றுவதற்கு 400 ரூபாய் ஆனது.

பழைய வண்டியைப் பற்றி நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான்: நின்றுபோன பாகம் எப்போதும் குற்றவாளி அல்ல. அதற்குப் பின்னால் தன் வேலையைச் செய்யாத இன்னொன்று இருக்கலாம். வீடுகளிலும் அப்படித்தானே. சோர்ந்து விழுகிறவளைத்தான் எல்லோரும் மாற்றச் சொல்கிறார்கள்.

கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் டோல்கேட் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாய். அறுபதைத் தாண்டியவர். நான் போனால் "வீட்ல யாரும் வரலையாம்மா?" என்று கேட்காத முதல் மெக்கானிக். "ஏதோ சத்தம் வருது பாய்" என்றால் வண்டியைத் தொட மாட்டார். வரிசையாகக் கேட்பார். எப்போதிலிருந்து? காலையில் எடுத்தவுடனா, ஓடிச் சூடான பிறகா? நேராகப் போகும்போதா, திரும்பும்போதா? ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதா, பிரேக்கை அழுத்தும்போதா?

இந்தக் கேள்விகளிலேயே பாதி வைத்தியம் முடிந்துவிடும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது மட்டும் 'டக் டக்' என்றால் முன்சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கும். வேகம் கூடக் கூட ரீங்காரம் கூடினால் சக்கர பேரிங்காக இருக்கலாம். வண்டி நிற்கும்போது குலுங்கினால் மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளை இடம் மாற்றிப் போட்டு, கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்க்கலாம். மாறினால் பிளக்தான் காரணம். மாறாவிட்டால் வேறெங்கோ தேட வேண்டும். புகைக்கும் நிறம் உண்டு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சுகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் எஞ்சினுக்குள் கசிகிறது.

இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. காது கொடுத்துக் கேட்பதும் வாசம் பிடிப்பதும் நிறம் பார்ப்பதும்தான். சாதம் வெந்த சத்தத்தை அடுத்த அறையிலிருந்து கேட்கிறவர்கள், பால் அடிபிடிக்கும் முன்பே மூக்கால் அறிகிறவர்கள் நாம். அந்தக் காதும் மூக்கும் பானெட்டுக்கு முன்னால் வந்ததும் செல்லாது என்று நம்மிடம் சொன்னது யார்?

காரின் வரலாற்றில் நீண்ட தூரம் முதலில் ஓட்டிப்போனது ஒரு பெண்தான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்லிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிப் போனார். அந்த வண்டி உருவான தொழிலில் அவருடைய சீதனப் பணமும் இருந்தது. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பிக்குக் காலுறைப் பட்டியைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். இதைச் சொல்கிறவர்கள் தொப்பி ஊசியையும் காலுறைப் பட்டியையும் ஏதோ பெண்பிள்ளைச் சாமர்த்தியம் போல ரசித்துச் சொல்வார்கள். எனக்கு ஊசி முக்கியமில்லை. அடைத்திருப்பது குழாய்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதுதான் முக்கியம். ஊசி எல்லார் தலையிலும் இருந்தது.

எனக்கும் ஒரு ஊசி நாள் வந்தது. மே மாதம், மதியம் பன்னிரண்டரை. டயாலிசிஸ் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வாளாடி தாண்டியதும் வெப்பமுள் விறுவிறுவென்று மேலே ஏறியது. அப்படியே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன். இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டியிருந்தால் எஞ்சினே வெந்திருக்கும். அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிப் புளியமரத்தடியில் உட்கார வைத்தேன். டீக்கடைக்காரர் ஸ்டூல் கொடுத்தார். அவரே பக்கத்து மெக்கானிக்குக்கும் போன் போட்டார்.

மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறந்தார். தொடவில்லை. "ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. எஞ்சினை இறக்கணும். பதினெட்டாயிரம் ஆகும். வண்டியை விட்டுட்டுப் போங்க. வீட்ல ஜென்ட்ஸ் நம்பர் குடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றார்.

"வண்டி எங்களோடதுதான். என்கிட்டயே சொல்லுங்க."

"உங்களுக்குச் சொன்னா புரியாதுக்கா."

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. வெயிலில் கொதித்து நிற்கும் பழைய வண்டியைப் பார்த்தால் பலருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அதனால் முதலில் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். கேஸ்கெட் போய்த் தண்ணீர் ஆயிலில் கலந்திருந்தால் பால்காப்பி நிறத்தில் நுரைத்திருக்கலாம். ஆயில் சுத்தமாக இருந்தது. நிற்கும்வரை வெள்ளைப் புகையும் வரவில்லை. கேஸ்கெட் இல்லை என்று இது மட்டுமே நிரூபித்துவிடாது. ஆனால் எஞ்சினை இறக்கும் முன் வெளியே எங்காவது கசிகிறதா என்று பார்க்க இது போதும். எங்கே?

ஸ்டூலில் இருந்து அம்மா மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு வாரமா என் கால்கிட்ட வெல்லப்பாகு வாசம் அடிக்குதுன்னு சொன்னேனே பாப்பா."

எனக்குச் சுருக்கென்றது. சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். "ஒண்ணுமில்லம்மா, வெளியில கரும்பு ஆலை எங்கயாவது இருக்கும்" என்றேன். கூலன்டுக்கு இனிப்பான வாசம் உண்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

அம்மாவின் கால் பக்கம் என்றால் வண்டியின் இடது பக்கம். அந்தப் பக்கத்தில் எஞ்சினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் தடுப்புத் தகட்டைத் தொடும் இடத்தில் கையை விட்டேன். ஈரம். ஹோஸின் நுனி, கிளிப்புக்கு ஒட்டினாற்போல் வெடித்திருந்தது. சுற்றிலும் காய்ந்துபோன வெளுத்த கறை. பதினைந்து வருடத்துக்கு மேல் சூட்டில் கிடந்த ரப்பர் வேறென்ன செய்யும்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டேன். அப்பாவின் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கிளிப்பைத் தளர்த்தினேன். அம்மாவுக்கு ஆப்பிள் நறுக்க எடுத்து வரும் கத்தியால், வெடித்த நுனியை ஒரு விரல் அகலம் அறுத்து எறிந்தேன். மிச்ச ஹோஸை இழுத்து மாட்டிக் கிளிப்பை முறுக்கினேன். டீக்கடைக்காரர் ஒரு குடம் தண்ணீர் கொடுத்தார். துணியைப் போட்டு மூடியை மெல்லத் திருகி, நிரப்பி, மூடி, எஞ்சினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் நின்றது. அசையவில்லை. வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் பாய் புது ஹோஸ் போட்டார், 160 ரூபாய். கேஸ்கெட்டையும் சோதித்துப் பார்த்தார், நன்றாகவே இருந்தது. பழைய தண்ணீரை வடித்துப் புதுக் கூலன்டும் ஊற்றினார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சாமர்த்தியமாக வண்டியைச் சரிசெய்தவள் என்று என்னைப் பாராட்டிக்கொள்ள முடியவில்லை. 'உங்களுக்குச் சொன்னா புரியாதுக்கா' என்றவருக்கும், 'ஒண்ணுமில்லம்மா' என்ற எனக்கும் என்ன வித்தியாசம்?

பதின்மூன்று வருடம் அம்மா அந்த இடது இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுகிறவர் சாலையைப் பார்ப்பார், பாட்டுக் கேட்பார். பக்கத்தில் இருப்பவளுக்கு வண்டியைக் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. "என்னமோ சத்தம் வருதுங்க" என்பாள். "ஒண்ணுமில்ல, சும்மா வா" என்பார் அப்பா. வாரம் கழித்து வண்டி நிற்கும். நான் டார்ச் பிடிப்பேன். அம்மா டீ போடுவாள். சத்தம் வருவதாக முன்பே சொன்னவள் அவள் என்பதை ஒருவரும், நானும், நினைத்துப் பார்த்ததில்லை. தன் உடம்பைப் பற்றியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கால் வீங்குகிறது என்றாள், வாய் கசக்கிறது என்றாள். வயசானா அப்படித்தான் என்றோம். சிறுநீரகம் பற்றித் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அதற்கு மாற்ற 160 ரூபாய் ஹோஸ் இல்லை.

அதன் பிறகு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். ஒரு பக்கம் நான் எழுதுவது: ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், பேட்டரி வோல்ட். எதிர்ப்பக்கம் அம்மா சொல்வது, சொன்ன தேதியோடு. 'இடது கண்ணாடி அதிருது.' 'ரப்பர் கருகின மாதிரி வாசம்.' சில ஒன்றுமில்லாமல் போகும். ஒன்றுமில்லை என்பது பார்த்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை.

எல்லாவற்றையும் நானே செய்வதில்லை. பிரேக்கில் கை வைக்க மாட்டேன். அதற்குரிய கருவியும் பழக்கமும் என்னிடம் இல்லை, பணயம் அம்மாவின் உயிர். பழுது பார்க்கத் தெரிவது என்றால் எல்லாம் தெரிவது இல்லை. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு, யாரிடம், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போவதும் அதுதான்.

2022இல் வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதுவும் அந்த ஏப்ரலில்தான் கட்டணத்தை 5,000 ஆக்கியிருந்தார்கள். அதற்கு முன் அப்பாவின் பெயரை மாற்ற வேண்டும். படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. யார் பெயருக்கு என்று அண்ணன் கேட்டான். அம்மா பெயருக்கு என்றேன். "அம்மாவுக்கு ஓட்டவே தெரியாதே" என்றான். ஓட்டத்தான் தெரியாது. புத்தகத்தில் தன் பெயரைப் பார்த்து அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் அதைத் துடைத்து உள்ளே வைத்தாள்.

போன வெள்ளிக்கிழமை காலை. கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம்.

"பாப்பா, ஏதோ உரசுற மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. ரேடியோவை அணைத்தேன். கண்ணாடியை இறக்கினேன். அப்போதும் கேட்கவில்லை.

"எப்பலேர்ந்தும்மா?"

"செவ்வாய்க்கிழமைலேர்ந்து. எப்பவும் இல்ல. நீ பிரேக்கை மிதிக்கிறப்ப மட்டும். என் பக்கத்துச் சக்கரம்."

திரும்பும்போது நேராக வீட்டுக்குப் போகவில்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டு பாய் பட்டறைக்குப் போனேன். அவர் வழக்கம்போலத் தன் கேள்விகளை ஆரம்பித்தார். நான் அம்மா பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

"இவங்ககிட்ட கேளுங்க பாய்" என்றேன்.